பாட வைக்கும் கலைக்கு ஒரு போட்டி



தேவாலயங்களில் ஆர்கன் வாசிப்போருக்கென்று மேலைநாடுகளில் நெடுங்காலமாக நடந்துவரும் போட்டிகளைப் பற்றி இன்று உங்களோடு பேச விரும்புகிறேன். ஆர்கனுக்கும் தோட்டப்புறத்துக்கும் என்ன தொடர்பு என்று சிலர் கேட்கலாம். தொடர்பு உண்டு. மலேசிய இந்து சங்கம் நடத்திவரும் திருமுறை ஓதும் விழாவை நீங்கள் அறிவீர்கள். முதலில் வட்டாரத்தில் ஓதி, அங்கே வென்றவர்கள் மாநிலத்துக்குச் சென்று, அங்கிருந்து தேசிய நிலைக்குப் போகிறார்கள். லாயாங் லாயாங் போன்ற சிற்றூரின் பிள்ளையும் மேடையேற முடிவது, படி வட்டாரத்தில் தொடங்குவதால்தான். ஆர்கன் வாசிப்போரும் தங்கள் கலைக்கு இதே போன்ற படிகளை அமைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஆசிரியர்கள், பெற்றோர்கள் எல்லாருக்கும் அடிக்கடி எழும் கேள்வி ஒன்று உண்டு. போட்டி வைத்தால் கலை வளருமா, அல்லது கோப்பை மட்டும் சேருமா? பள்ளிக்கூடங்களில் நாம் காண்பது என்ன? போட்டிக்காக ஒரு பாட்டை மூன்று மாதம் பாடிப் பழகிய பிள்ளை, பரிசு வாங்கிய மறுவாரம் அந்தப் பாட்டைத் தொடுவதில்லை. ஆர்கன் போட்டிகளை நடத்தியவர்கள் இந்தக் கேள்விக்கு ஒரு விடை கண்டிருக்கிறார்கள். அந்த விடை நமக்கும் பயன்படும் என்று நினைக்கிறேன்.

முதலில் அந்தக் கருவியைச் சற்றுப் பார்ப்போம். பஜனையில் வாசிக்கும் ஆர்மோனியம் நமக்கெல்லாம் பழக்கமானது. ஒரு கை துருத்தியை அசைக்கிறது. மறு கை கட்டைகளை அழுத்துகிறது. காற்று உலோக நாக்குகளை அதிரவைத்து ஒலி எழுப்புகிறது. பெரிய ஆர்கனும் காற்றினால் பேசும் கருவிதான். ஆனால், அதில் நாக்குகளோடு குழாய்களும் உண்டு. ஒவ்வொரு சுரத்துக்கும் ஒவ்வொரு நாத வகைக்கும் தனித்தனிக் குழாய். 'லாயாங் லாயாங்' என்ற எங்கள் ஊர்ப் பெயருக்கு மலாய் மொழியில் பட்டம் என்று பொருள். காற்று இல்லாமல் பட்டம் எழும்பாது. காற்று இல்லாமல் ஆர்கனும் வாய் திறக்காது.

இதிலே ஓர் அறிவியல் பாடமும் இருக்கிறது. வாய் திறந்த எட்டடிக் குழாய் நொடிக்கு ஏறத்தாழ 65 அதிர்வுகளை எழுப்புகிறது. குழாயின் நீளத்தை நான்கடியாகக் குறைத்தால் அதிர்வு இரட்டிப்பாகி 130 வரை செல்லும். சுரம் ஒரு தாயி மேலே ஏறும். மிகப் பெரிய ஆர்கன்களில் 32 அடி நீளக் குழாயும் இருக்கும். பென்சில் அளவே உள்ள குழாயும் இருக்கும். வாசிப்பவர் இரண்டு மூன்று வரிசைக் கட்டைகளைக் கைகளாலும், கீழே மரத்தால் ஆன மிதிகட்டைகளைக் கால்களாலும் இயக்குகிறார். எந்தக் குழாய் வரிசை பேச வேண்டும் என்பதை இழுப்புக் குமிழ்களால் முடிவு செய்கிறார். இரண்டு கை, இரண்டு கால், கண், காது எல்லாம் ஒரே நேரத்தில் வேலை செய்ய வேண்டும்.

இவ்வளவு பெரிய கருவியை ஏன் தேவாலயத்தில் வைத்தார்கள்? சபையாரின் பாட்டைத் தாங்கி நடத்துவதற்குத்தான். அதில் உள்ள சிரமத்தைக் கேளுங்கள். பெரிய தேவாலயம் ஒன்றில் ஆர்கன் ஒரு முனையிலும், பாடுகிற மக்களில் பலர் 60 மீட்டருக்கு அப்பாலும் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒலி நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்லும். ஆர்கன் ஒலி அவர்களை அடைய ஒரு நொடியில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு நேரம் பிடிக்கும். அவர்கள் அதைக் கேட்டுப் பாடும் குரல் திரும்பி வர இன்னோர் ஆறில் ஒரு பங்கு. ஆக, தாம் வாசித்த சுரத்துக்குரிய குரல், நொடியில் மூன்றில் ஒரு பங்கு தாமதித்தே வாசிப்பவரின் காதுக்கு எட்டுகிறது. அந்தக் குரலுக்காக அவர் காத்திருந்தால் என்ன ஆகும்? மக்கள் ஆர்கனுக்காகக் காத்திருப்பார்கள், ஆர்கன் மக்களுக்காகக் காத்திருக்கும். பாட்டு வரிக்கு வரி தேய்ந்து போகும். காதில் விழுவதை நம்பாமல் தாளத்தை நம்பி அவர் முன்னே செல்ல வேண்டும். அதே வேளையில், மக்கள் மூச்சு விடும் இடத்தையும் உணர வேண்டும். கட்டையை அழுத்தியிருக்கும் வரை ஆர்கனின் ஒலி குறையாமல் நிற்கும். ஆகவே, கையை எடுக்கும் நேரம்தான் மூச்சு விடும் நேரம். நல்ல ஆர்கன் கலைஞர் வாசிக்கும்போது, 'இங்கே மூச்சு விடுங்கள்' என்று சொல்லாமலே முந்நூறு பேரும் சேர்ந்து மூச்சு விடுவார்கள்.

இப்படிப்பட்ட பணிக்கு ஆளை எப்படித் தேர்ந்தெடுப்பது? இந்தக் கேள்விக்கு ஒரு பழைய வரலாறு உண்டு. 1720-ஆம் ஆண்டு ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் புனித யாக்கோபு ஆலயத்தின் ஆர்கன் பதவி காலியாயிற்று. ஆர்ப் ஷ்னிட்கர் என்ற பெரும் கைவினைஞர் செய்த அருமையான ஆர்கன் அங்கே இருந்தது. பதவியை நாடியவர்களுள் ஒருவர், அப்போது 35 வயதான யோஹான் செபாஸ்தியான் பாக். அவர் அந்நகரின் புனித கத்தரீனாள் ஆலயத்தில் முதியவர் ரைன்கன் முன்னிலையில் ஒரு பாமாலை மெட்டை எடுத்துக்கொண்டு, நெடுநேரம் கற்பனையாக விரித்து வாசித்தார். அழிந்துவிட்டதாகத் தாம் எண்ணியிருந்த கலை இன்னும் உயிரோடு இருப்பதைக் கண்டு அந்த முதியவர் வியந்து பாராட்டியதாக வரலாறு கூறுகிறது. ஆனால், பதவி பாக்குக்குக் கிடைக்கவில்லை. ஹைட்மன் என்பவர் அந்தப் பதவியைப் பெற்றார். பெற்றதும் ஆலயக் கருவூலத்துக்கு 4000 மார்க் செலுத்தினார். இன்று உலகம் பாக்கின் பெயரைச் சொல்கிறது. ஹைட்மனின் பெயரை இந்தக் கதையைச் சொல்லும்போது மட்டுமே சொல்கிறது. காதால் கேட்டுத் தீர்ப்பளிக்கும் ஒழுங்கான முறை இல்லாத இடத்தில் பணப்பை தீர்ப்பளித்துவிடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா?

நாம் வாழும் காலத்தை ஒட்டி, 1951-ஆம் ஆண்டு, நெதர்லாந்தின் ஹார்லெம் நகரில் ஒரு போட்டி தொடங்கியது. அங்கே புனித பாவோ ஆலயத்தில் கிறிஸ்தியான் மியுல்லர் 1735-க்கும் 1738-க்கும் இடையில் கட்டிய ஆர்கன் இருக்கிறது. ஏறத்தாழ 5000 குழாய்கள் கொண்டது. 1766-இல் பத்து வயதுச் சிறுவனாக மோட்சார்ட் அதை வாசித்திருக்கிறார். அங்கே நடக்கும் போட்டியில், எழுதி வைத்த இசையை வாசித்துக் காட்டுவது சோதனை அன்று. போட்டியாளரிடம் ஒரு மெட்டைக் கொடுப்பார்கள். அதை வைத்து அவர் தாமே கற்பனையாக இசையை வளர்த்துச் செல்ல வேண்டும். நம் மரபில் மனோதர்மம் என்கிறோமே, அதுதான்.

இது வெறும் வித்தை என்று நினைத்துவிட வேண்டாம். வழிபாட்டுக்கு மிகவும் வேண்டிய திறமை இது. நம் திருமணப் பந்தலை நினைத்துப் பாருங்கள். மாப்பிள்ளை வீட்டார் வரத் தாமதமானால் நாதசுரக்காரர் இராகத்தை நீட்டுகிறார். ஐயர் கையசைத்த அந்த நொடியில், எங்கே இருந்தாலும் விட்டுவிட்டுக் கெட்டிமேளத்துக்கு வந்துவிடுகிறார். தேவாலயத்திலும் மணப்பெண் தாமதமாக வருவாள். காணிக்கை எடுக்க ஒருநாள் மூன்று நிமிடம் ஆகும், மறுவாரம் ஆறு நிமிடம் ஆகும். அந்த இடைவெளியை, அறுந்த நூல் போலத் தெரியாமல், அப்போதைய பாமாலையோடு பொருந்தும் இசையால் நிரப்புவது ஆர்கன் கலைஞரின் கடமை. ஹார்லெம் போட்டி அந்தக் கடமையைத்தான் சோதனைக்கு எடுத்துக்கொண்டது. பீட் கே என்ற டச்சுக் கலைஞர் 1953, 1954, 1955 ஆகிய மூன்று ஆண்டுகளும் தொடர்ந்து வென்று, பின்னர் அந்நகரின் ஆர்கன் கலைஞராகவே பல ஆண்டுகள் பணியாற்றினார். வென்றவர் கோப்பையோடு வீட்டுக்குப் போய்விடவில்லை. அதே ஆர்கன் முன் அமர்ந்து ஊருக்கு உழைத்தார்.

அடுத்து இங்கிலாந்துக்கு வருவோம். லண்டனுக்கு வடக்கே செயின்ட் ஆல்பன்ஸ் என்ற பழைய நகரம் இருக்கிறது. அங்குள்ள பேராலயத்தில் 1962-இல் புதிய ஆர்கன் அமைத்தார்கள். அதைக் கொண்டாட, அவ்வாலயத்தின் இசைத் தலைவர் பீட்டர் ஹர்ஃபோர்ட் 1963-இல் ஒரு விழாவையும் போட்டியையும் தொடங்கினார். ஓர் ஊர்க் கொண்டாட்டமாகத் தொடங்கிய அது அறுபது ஆண்டுகளைக் கடந்துவிட்டது. அதன் இரண்டாம் ஆண்டாகிய 1964-இல் வென்றவர் ஜில்லியன் வியர் என்ற இளம் பெண். அவர் பிறந்த ஊர் நியூசிலாந்தின் மார்ட்டின்பரோ. உலகப் படத்தில் தேடினால்தான் கிடைக்கும் சிற்றூர். அங்கிருந்து வந்த பெண், மறு ஆண்டே லண்டனின் புகழ்பெற்ற புரோம்ஸ் இசை விழாவில் வாசித்து, உலகமெங்கும் பெயர் பெற்றார். எந்த ஊர், யார் மகள், ஆணா பெண்ணா என்பதையெல்லாம் ஆர்கன் கேட்பதில்லை. பல ஆலயங்களில் அது மேல்மாடத்தில் இருக்கும். கீழே அமர்ந்திருப்பவர்களுக்கு வாசிப்பவரின் தலைகூடத் தெரியாது. காதுக்குக் கிடைப்பதைக் கொண்டே தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

ஹார்லெமும் செயின்ட் ஆல்பன்ஸும் உலகப் போட்டிகள். திருமுறை ஓதும் விழாவைப் போன்ற வட்டாரப் போட்டியை அமெரிக்காவில் பார்க்கலாம். அங்கே 1896-ஆம் ஆண்டு நியூயார்க்கில் ஆர்கன் கலைஞர்களுக்கென்று ஒரு சங்கம் அமைந்தது. நாடெங்கும் அதற்குக் கிளைகள் ஏற்பட்டன. கிளைகளைச் சேர்த்து வட்டாரங்களாகப் பிரித்தார்கள். இந்தச் சங்கம், இருபத்து நான்கு வயதுக்குட்பட்ட இளைஞர்களுக்காக இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை வட்டாரப் போட்டி நடத்தி வந்திருக்கிறது. முதலில் கிளையில் வாசிக்க வேண்டும். அங்கே வென்றவர் வட்டாரத்துக்குப் போவார். வட்டாரத்தில் வென்றவர்களைச் சங்கத்தின் தேசிய மாநாட்டில் வாசிக்க அழைப்பார்கள்.

இந்தப் போட்டியின் விதிகளில் நான் மிகவும் போற்றுவது ஒன்று உண்டு. போட்டியாளர் பாக்கின் படைப்பு போன்ற கடினமான உருப்படிகளை வாசித்தால் மட்டும் போதாது. சபையாருக்கு வாசிப்பது போல ஒரு பாமாலையையும் வாசித்துக் காட்ட வேண்டும். மெட்டை அறிமுகப்படுத்தி, அடிகளை நடத்திச் செல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமை தோறும் எல்லா ஊரிலும் பாடப்படும் சாதாரணப் பாட்டு அது. விரல் வேகத்தைக் காட்ட அதில் இடமே இல்லை. வேகம் சரியா, மூச்சுக்கு இடம் விட்டாரா, பாடுபவரைத் தாங்கினாரா, அல்லது அமுக்கினாரா என்பவை மட்டுமே அதில் வெளிப்படும். விரல் வித்தையில் வல்லவராக இருப்பவர் இந்த எளிய பாட்டில் தடுமாறுவது உண்டு.

நேயர்களே, சற்று முன் கேட்ட கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கிறது. போட்டி எதைச் சோதிக்கிறதோ அதையே பிள்ளைகள் பழகுவார்கள். விரல் வேகத்தைச் சோதித்தால் விரல் வேகம் வளரும். பிறரைப் பாட வைக்கும் திறமையைச் சோதித்தால் அந்தத் திறமை வளரும். போட்டி முடிந்த ஞாயிற்றுக்கிழமையும் அது ஊருக்கு உதவும்.

ஆசியாவிலும் இதற்கு ஓர் அழகிய சான்று இருக்கிறது. பிலிப்பீன்ஸ் நாட்டின் லாஸ் பீனியாஸ் என்ற ஊரில் மூங்கிலால் செய்த ஆர்கன் ஒன்று உண்டு. தியேகோ செரா என்ற ஸ்பானியப் பாதிரியார் 1816-இல் வேலையைத் தொடங்கி 1824-இல் முடித்தார். அதன் 1031 குழாய்களில் 902 குழாய்கள் மூங்கில். பூச்சி அரிக்காதிருக்க மூங்கிலைக் கடற்கரை மணலில் புதைத்துப் பதப்படுத்தினாராம். நிலநடுக்கமும் புயலும் அந்த ஆர்கனைச் சிதைத்தன. 1973-இல் அதை ஜெர்மனிக்கு அனுப்பிச் செப்பனிட்டு, 1975-இல் திரும்பக் கொண்டுவந்தார்கள். 1976 முதல் ஆண்டு விழா தொடங்கியது. விழா வந்ததும் வாசிக்க ஆள் வேண்டியிருந்தது. பழுது பார்க்கவும் ஆள் வேண்டியிருந்தது. உள்ளூர் இளைஞர்கள் இரண்டையும் கற்றார்கள். 1994-இல் அங்கே ஆர்கன் செய்யும் பட்டறையே ஏற்பட்டது. நம் அண்டை நாடான சிங்கப்பூரின் நல்லாயன் பேராலயத்தில் 1912-ஆம் ஆண்டைச் சேர்ந்த பழைய ஆர்கனைச் செப்பனிட்டவர்களும் அந்தப் பட்டறைக்காரர்களே. பழுதாகிக் கிடந்த ஒரு கருவியைச் சுற்றி ஒழுங்கான விழா ஒன்று வைத்ததால் எத்தனை கைகள் தொழில் கற்றுக்கொண்டன பாருங்கள்!

நம் நாட்டிலும் நல்ல ஆர்கன்கள் உண்டு. கோலாலம்பூர் புனித மேரி பேராலயத்தில், இங்கிலாந்தின் பெயர்பெற்ற ஹென்றி வில்லிஸ் செய்த 1895-ஆம் ஆண்டு ஆர்கன் இருக்கிறது. 1998-இல் திறக்கப்பட்ட பெட்ரோனாஸ் பில்ஹார்மோனிக் அரங்கில் ஏறத்தாழ 3000 குழாய்கள் கொண்ட ஆர்கன் அமைந்தது. ஆனால், தோட்டப்புறச் சிற்றாலயங்களில் குழாய் ஆர்கன் ஏது? அங்கே ஆர்மோனியம்தான் இருந்தது. பிறகு மின்விசைப் பெட்டி வந்தது. வாசித்தவர் கிராணியாகவோ ஆசிரியராகவோ பால்மரம் வெட்டியவராகவோ இருப்பார். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. குடும்பங்கள் பட்டணத்துக்குப் பெயர்ந்தன. வாசித்த முதியவர் மறைந்ததும் அந்த இடத்தில் அமர ஆள் இல்லை. இப்போது பதிவு செய்த இசையைப் போட்டுப் பாடுகிறார்கள். இது தேவாலயத்துக்கு மட்டும் வந்த குறை என்று சொல்ல முடியாது. கோயிலில் பஜனைக்கு ஆர்மோனியம் வாசிப்பவர்களும் இப்படித்தான் குறைந்து வருகிறார்கள். பதிவு செய்த இசை யாருடைய மூச்சுக்கும் காத்திராது. ஓர் அடியைக் கூடுதலாகப் பாடச் சபையார் விரும்பினாலும் அதற்குத் தெரியாது. வாயசைத்துப் பழகிய கூட்டம் நாளடைவில் பாடுவதையே விட்டுவிடும். இதுதான் நாம் அஞ்ச வேண்டிய இழப்பு.

இசையை ஓட்டப்பந்தயம் போல அளக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஓட்டத்தில் முதலாவதாக வந்தவரை எல்லாருடைய கண்ணும் காணும். இசையில் இரண்டு நடுவர்கள் இருவேறு தீர்ப்புச் சொல்லலாம். தோற்ற பிள்ளை மனம் ஒடிந்து கருவியையே மூடி வைத்துவிடுவதும் உண்டு. ஆகவே, போட்டியை ஆண்டு முழுவதும் நடக்கும் பயிற்சியின் முடிவாக வைக்க வேண்டும். நடுவர்கள் மதிப்பெண்ணோடு நின்றுவிடாமல், எது நன்றாக அமைந்தது, எதைத் திருத்த வேண்டும் என்று நான்கு வரி எழுதித் தர வேண்டும். பரிசு பெறாத பிள்ளைக்கு அந்த நான்கு வரியே பரிசு.

ஆசிரியர்களுக்கும் ஆலய நிருவாகத்தினருக்கும் ஒரு சிறிய யோசனையைச் சொல்லி முடிக்கிறேன். அடுத்த முறை பள்ளியிலோ ஆலயத்திலோ இசைப் போட்டி வைக்கும்போது ஓர் அங்கத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள். போட்டியாளர் தனியாகப் பாடி முடித்தபின், முப்பது பிள்ளைகளை எதிரே நிறுத்துங்கள். சுருதி கொடுத்து, எல்லாரும் அறிந்த ஓர் எளிய பாட்டை அவர்களைப் பாட வைக்கச் சொல்லுங்கள். ஆர்மோனியம் வாசிக்கத் தெரிந்த பிள்ளையாக இருந்தால் வாசித்தே நடத்தட்டும். நடுவர் அந்த முப்பது பேரைக் கவனிக்கட்டும். எத்தனை பேர் வாய் திறந்தார்கள்? ஒன்றாகத் தொடங்கினார்களா? கடைசி வரிசையில் கூச்சத்தோடு நிற்கும் பிள்ளையும் பாடினானா? மதிப்பெண்ணில் பாதியை இதற்குக் கொடுங்கள். பெரிய செலவு ஒன்றும் இல்லை. ஓர் ஆர்மோனியமும் கால் மணி நேரமும் போதும். இப்படிப் பழகிய பிள்ளை, திங்கட்கிழமைச் சபைகூடலில் நாட்டுப்பண்ணைத் தொடங்கி வைக்கும். வெள்ளிக்கிழமை கோயிலிலோ ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்திலோ பெரியவர்களையும் பாட வைக்கும்.

தாம் நன்றாகப் பாடுபவருக்குக் கைதட்டல் கிடைக்கிறது. பிறரை நன்றாகப் பாட வைப்பவருக்குப் பெரும்பாலும் அது கிடைப்பதில்லை. அவர் மேல்மாடத்தில் மறைந்திருக்கிறார், அல்லது கூட்டத்தின் ஓரத்தில் ஆர்மோனியத்தின் பின்னால் அமர்ந்திருக்கிறார். அவரைத் தேடிக் கண்டுபிடித்து, பயிற்றுவித்து, பத்துப் பேர் அறியப் பாராட்டும் ஏற்பாடு ஒவ்வொரு வட்டாரத்திலும் வேண்டும். உங்கள் ஊரில் அப்படி ஒருவர் இருந்தால், இந்த வாரமே ஒரு பிள்ளையை அவரிடம் அனுப்பிக் கற்றுக்கொள்ளச் செய்யுங்கள்.